ராடு ஸ்டாண்டை விட்டுக் கிளம்புமுன்

உடுமலைப்பேட்டை போன்ற ஊர்களில் ஜிம்முக்குப் புதிதாகச் சேரும் இளைஞன் முதல் வாரத்திலேயே போய்ப் படுக்கும் இடம் பெஞ்ச். காலுக்குப் பயிற்சி செய்ய ஆளைத் தேட வேண்டியிருக்கும். பெஞ்சுக்கு வரிசை நிற்கும். மல்லாந்து படுக்க வேண்டும், ராடை நெஞ்சுவரை இறக்க வேண்டும், கையை நீட்டித் திரும்ப மேலே தள்ள வேண்டும். பார்ப்பதற்கு இவ்வளவுதான். இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. அதனால்தான் ‘எவ்வளவு போடுறே?’ என்ற கேள்வி ஜிம் முழுக்க உலவுகிறது, ‘எப்படிப் படுக்கிறே?’ என்று யாரும் கேட்பதில்லை. ஆறு மாதம் கழித்து அதே இளைஞன், ‘மாஸ்டர், தோளுக்கு முன்னால சுருக்குன்னு குத்துதுங்க’ என்று வந்து நிற்கிறான். வெயிட்டைக் குறை, இரண்டு வாரம் ஓய்வெடு என்று பதில் கிடைக்கிறது. ஓய்வு முடிந்து வந்து பழையபடியே படுக்கிறான். பழைய வலியே திரும்பி வருகிறது. பெஞ்ச் பிரஸ்ஸில் ஒருவருடைய பலமும் அவருக்கு வரப்போகும் காயமும் ராடு ஸ்டாண்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன என்பதுதான் இக்கட்டுரை சொல்ல வருவது. உடலை வைக்கும் முறையைப் பலம் வந்தபின் பூசிக்கொள்ளும் மெருகாக நினைக்கிறோம். பலம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

நமக்குப் பழக்கமான தண்டாலை எடுத்துக்கொள்வோம். தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒவ்வொரு தண்டாலிலும் 45 கிலோவுக்குக் குறையாமல் தள்ளி எழுகிறார். பள்ளிக்கூடத்து மைதானத்திலேயே ஐம்பது தண்டால் எடுத்துப் பழகிய அவர், ஜிம்முக்கு வந்து பெஞ்சில் 50 கிலோ போட்டதும் தோளைப் பிடித்துக்கொள்கிறார். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. மார்புத் தசை, தோளின் முன்பக்கத் தசை, மேற்கைக்குப் பின்னால் இருக்கும் முத்தலைத் தசை என்று உழைக்கும் தசைகளும் அவையேதான். மாறியது முதுகில் இருபுறமும் சிறகுபோல் இருக்கும் தோள்பட்டை எலும்பின் நிலை. அந்தத் தட்டை எலும்பு விலாக்கூட்டோடு மூட்டுப் போட்டு இணைந்ததல்ல. தசைகளின் பிடியில் விலாவின்மேல் வழுக்கிக்கொண்டு நகர்வது. தண்டாலில் உள்ளங்கை தரையில் நிற்க, உடல் நகர்கிறது. முதுகுக்குப் பின்னால் வெறும் காற்று. ஆகவே உடல் இறங்கும்போது இரண்டு பட்டைகளும் நெருங்கியும் ஏறும்போது விலகியும் கையின் அசைவுக்கு ஈடுகொடுக்கின்றன. பெஞ்சில் படுத்தாலோ உடலின் எடையும் ராடின் எடையும் சேர்ந்து அந்தப் பட்டைகளைப் பலகையோடு வைத்து அழுத்திவிடுகின்றன. படுக்கும்போது அவை எந்த நிலையில் சிக்கினவோ, கிட்டத்தட்ட அந்த நிலையிலேயே செட் முடியும்வரை கிடக்க வேண்டியதுதான்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், தோள் மூட்டின் குழி உரலின் குழிபோல் ஆழமானதல்ல. சிறு தட்டின்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்ததுபோல, ஆழமில்லாத ஒரு குழியில் மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பொருந்தியிருக்கிறது. கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிவது அதனால்தான். எளிதில் நிலைதவறுவதும் அதனால்தான். அந்த உருண்டையைக் குழிக்குள் இழுத்துப் பிடித்திருப்பவை மூட்டைச் சுற்றி உறைபோல் போர்த்தியிருக்கும் நான்கு சிறு தசைகள். குழி இருப்பது தோள்பட்டை எலும்பின் ஓரத்தில். பட்டை முன்னோக்கிச் சாய்ந்து சிக்கிக்கொண்டால் குழியும் முன்னோக்கிச் சாய்கிறது. ராடு நெஞ்சை நெருங்க நெருங்க முழங்கை பின்னால் போகும். உருண்டை முன்பக்கமாகப் பிதுங்கப் பார்க்கும். அப்போது அந்த நான்கு சிறு தசைகளும் அவற்றின் நாண்களும்தான் இழுபடுகின்றன. நாள் முழுதும் கணினி முன்னாலோ தையல் மிஷின் முன்னாலோ தோளைக் குறுக்கி உட்கார்ந்துவிட்டு மாலையில் ஜிம்முக்கு வருபவர், பெரும்பாலும் அந்தக் குறுகிய தோளோடுதான் பெஞ்சில் சாய்கிறார்.

எனவே படுப்பதிலேயே பாடம் தொடங்குகிறது. கண் ராடுக்கு நேர்கீழே வரும்படி படுக்க வேண்டும். பிறகு பட்டைகள் இரண்டையும் முதுகின் நடுவை நோக்கி நெருக்கி, காதிலிருந்து விலக்கி இடுப்புப் பக்கமாகக் கீழே இழுத்து, அந்த நிலையில் பலகையில் அழுந்த வேண்டும். வெகுநேரம் குனிந்து களை வெட்டியவர் நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து நெட்டி முறிக்கும்போது முதுகுப் பட்டைகள் நெருங்கி நெஞ்சு தானாக விரிந்து மேலெழும் அல்லவா, அந்த நிலைதான் வேண்டியது. அதை ராடின் எடை வருவதற்கு முன்பு அமைத்துக்கொள்ள வேண்டும். எடை வந்தபின் சரிசெய்ய முடியாது. 2024-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பெஞ்ச் பிரஸ்ஸைப் பல விதங்களில் செய்யவைத்து, ஒவ்வொன்றிலும் தோளுக்குள் விழும் விசைகளைக் கணித்துப் பார்த்தார்கள். பட்டைகளைப் பின்னிழுத்து வைத்தபோது உருண்டையைக் குழியிலிருந்து நகர்த்தப் பார்க்கும் விசை குறைந்தது. அந்த நான்கு சிறு தசைகளின் பாடும் குறைந்தது. தூக்கிய எடையில் ஒரு கிலோகூடக் குறைக்காமல் கிடைத்த ஆறுதல் அது.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும். பட்டைகளை அப்படி இழுத்தால் நெஞ்சு உயர்கிறது, முதுகு வில்போல் வளைகிறது; ராடு பயணிக்க வேண்டிய தூரம் குறைகிறது. இது ஏமாற்று வேலை, முதுகுத்தண்டுக்கும் கேடு என்பார்கள். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதுகுத்தண்டுக்குக் கேடு என்ற பேச்சு, நின்றுகொண்டு மூட்டை தூக்கும் நிலையை மனத்தில் வைத்து வருகிறது. நிற்கும்போது சுமை முதுகுத்தண்டின் வழியாகத்தான் தரைக்கு இறங்கும். பெஞ்சில் ராடின் எடை கை வழியாகத் தோளுக்கும் அங்கிருந்து மேல்முதுகு வழியாகப் பலகைக்கும் போய்விடுகிறது. வளைந்திருக்கும் இடுப்புப் பகுதியின் மேல் அது நேராக ஏறி உட்காருவதில்லை. ஏற்கெனவே இடுப்பு வலியோ டிஸ்க் தொல்லையோ இருப்பவர் வளைவைக் குறைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு இயற்கையான மிதமான வளைவு ஆபத்தில்லை. ஏமாற்று என்ற குற்றச்சாட்டில் ஓரளவு நியாயம் உண்டு. போட்டிகளில் சிலர் உடலை அளவுகடந்து வளைத்து, ராடை நான்கு விரற்கடை நகர்த்தியே எடையைத் தூக்கியதாகக் கணக்குக் காட்டியதால், சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு 2023 ஜனவரி முதல் விதியை மாற்றியது. முழங்கையின் அடிப்பகுதி தோள் மூட்டின் மேற்பரப்பு மட்டத்துக்காவது இறங்க வேண்டும். தலை, தோள், பிட்டம் மூன்றும் பலகையில் பட்டிருக்க வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும் என்ற விதிகள் முன்பே உண்டு. கவனிக்க வேண்டியது, கூட்டமைப்பு வளைவைத் தடைசெய்யவில்லை. நெஞ்சை உயர்த்துவது தோளுக்குப் பாதுகாப்பு. பிட்டத்தைப் பலகையிலிருந்து தூக்குவதுதான் தவறு. ஜிம்மில் கடைசி ரெப்பில் இடுப்பு எம்பும் காட்சி அன்றாடம் நடப்பது. அந்தக் கணத்தில் எடை அவர் பலத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள், அவ்வளவே.

காலைப் பற்றிப் பேசினால் நம்மூர் ஜிம்களில் சிரிப்பார்கள். நெஞ்சுப் பயிற்சிக்குக் கால் எதற்கு என்பார்கள். சிலர் பாதத்தைப் பெஞ்சின்மேலேயே மடக்கி வைத்துக்கொள்கிறார்கள், சிலருக்குக் குதிகால் தரையில் தாளம் போடும். சேற்றில் சிக்கிய வண்டியைத் தள்ளுகிறவரை நினைத்துப் பாருங்கள். முதலில் அவர் கால் ஊன்ற இடம் தேடுகிறார். ஊன்றிய காலிலிருந்து கிளம்பும் உந்தல் இடுப்பு வழியாக முதுகுக்கு ஏறி, தோளைக் கடந்து கைக்கு வருகிறது. கை கடைசிக் கண்ணி. பெஞ்சிலும் அதே கதைதான். பாதத்தைத் தரையில் முழுதாகப் பதித்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, தரையைத் தலைக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளுவதுபோல் அழுத்தினால் மேல்முதுகு பலகையில் இறுகும், உடல் பக்கவாட்டில் ஆடாது. போட்டிப் பெஞ்சின் அகலமே 29 முதல் 32 செ.மீ. வரைதான். அந்தக் குறுகிய பலகையில் 60, 80 கிலோவை நெஞ்சுக்குமேல் நிறுத்துகிறவருக்குக் கால்தான் இரு பக்கத்து முட்டுக்கட்டை. பெஞ்சின் உயரம் 42 முதல் 45 செ.மீ. வரை இருக்கும். குள்ளமானவர்களுக்குப் பாதம் முழுதாக எட்டாது. குதிகால் எம்பி நிற்கும். பக்கத்துக்கு ஒரு 10 கிலோ பிளேட்டைத் தரையில் போட்டு அதன்மேல் பாதத்தை வைத்துக்கொள்வதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

அப்படியானால் கால் ஊன்ற முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்கலாம். இந்த விஷயத்தில் மிகவும் கவனித்துப் படிக்க வேண்டிய சான்று அவர்களிடம்தான் இருக்கிறது. பாராலிம்பிக்கில் பவர்லிஃப்டிங் என்றால் அது பெஞ்ச் பிரஸ் ஒன்று மட்டுமே. 2.1 மீட்டர் நீளப் பலகையில் காலையும் நீட்டிப் படுத்து, வேண்டுமானால் வாரால் காலைக் கட்டிக்கொண்டு தூக்க வேண்டும். 2004 ஏதென்ஸில் பஞ்சாபைச் சேர்ந்த ராஜிந்தர் சிங் ரஹேலு 56 கிலோ பிரிவில் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்தார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் சுதீர் 212 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2024 பாரிஸில் தமிழகத்தின் கஸ்தூரி ராஜாமணி அந்தப் பலகையில் படுத்தார். 2016 ரியோவில் ஈரானின் சியாமந்த் ரஹ்மான் தூக்கியது 310 கிலோ. கால் உதவாமலே இவ்வளவு முடிகிறதே, பிறகு காலைப் பற்றி ஏன் இத்தனை பேச்சு என்று இதை என் வாதத்துக்கு எதிராகவும் திருப்பலாம். ஆனால் அந்த ஏற்பாட்டைப் பாருங்கள். காலின் வேலையை அங்கே அகன்ற பலகையும் வாரும் எடுத்துக்கொள்கின்றன. அவர்களுடைய பலகை உடல் பகுதியில் 61 செ.மீ. அகலம், தலைப்பக்கம் வந்ததும் தோள் பட்டைகளுக்கு இடம்விட்டுப் பாதியாகக் குறுகிவிடுகிறது. உடல் அசையாமல் நிற்க ஏதோ ஒரு பிடிமானம் வேண்டும் என்ற உண்மையை அந்தப் பலகையை வடிவமைத்தவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கனடாவின் டக் ஹெப்பர்ன் பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்தவர். 1953-ல் பளுதூக்குதலில் உலகச் சாம்பியன் ஆன அவர்தான் பெஞ்சில் 500 பவுண்டைத் தொட்ட முதல் ஆள் என்று பேர் வாங்கியவர். அது ஏறக்குறைய 227 கிலோ. நல்ல கால் இருந்தும் அதை ஆட்டிக்கொண்டு கிடப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைப்பிடிக்கு வருவோம். எவ்வளவு அகலம் பிடிப்பது? 2007-ல் கிரீன், கம்ஃபோர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இரு தோள்களின் எலும்பு நுனிகளுக்கு இடையே உள்ள தூரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குள் பிடிப்பதே தோளுக்கு நல்லது, அதைத் தாண்டினால் காயத்துக்கான வாய்ப்பு கூடுகிறது என்றார்கள். மேலே சொன்ன நெதர்லாந்து ஆய்விலும் ஒன்றரை மடங்குக்குள் பிடித்தபோது காறை எலும்பின் நுனி மூட்டில் அழுத்தம் குறைந்தது. அந்தத் தூரம் 40 செ.மீ. உள்ளவருக்கு இரு கைகளுக்கும் நடுவே 60 செ.மீ. போதும். போட்டி விதி 81 செ.மீ. வரை அனுமதிக்கிறது, ராடில் அதற்கென்று வளையக் குறி இருக்கும். அந்தக் குறியைப் பார்த்ததும் புதிதாக வந்தவரும் அங்கேயே கையை வைக்கிறார். போட்டியில் அது உச்ச வரம்பு. அத்தனை பேரும் அங்கே பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அகலமாகப் பிடித்தால்தான் நெஞ்சு விரியும் என்ற நம்பிக்கை நம் ஜிம்களில் வேரோடியிருக்கிறது. குறுகலாகவும் அகலமாகவும் பிடிக்கவைத்துத் தசைகளின் மின்துடிப்பை அளந்த நார்வே ஆய்வாளர்கள், மார்புத் தசையின் உழைப்பில் குறிப்பிடும்படியான வேறுபாட்டைக் காணவில்லை. லாபம் அவ்வளவு இல்லாத இடத்தில் ஏன் தோளைப் பணயம் வைக்க வேண்டும்? மணிக்கட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ராடு உள்ளங்கையின் அடிமேட்டில், முன்கை எலும்புக்கு நேர்மேலே உட்கார வேண்டும். விரல் பக்கம் ஏறிப்போனால் மணிக்கட்டு பின்னால் மடங்கி வலிக்கும். தலைச்சுமை எடுப்பவர் பாரத்தைக் கழுத்துக்கு நேர்மேலே நிறுத்துவதுபோலத்தான். கட்டைவிரலைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அது ராடைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்க வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்கும் பாணி ஒன்று உண்டு. வியர்த்த கையில் ராடு நழுவினால் விழும் இடம் நெஞ்சு அல்லது கழுத்து. அந்தப் பாணியை எந்தப் பயனுக்காகவும் ஏற்க முடியாது.

ராடு இறங்கும்போது முழங்கை எங்கே இருக்கிறது என்பதில்தான் ஜிம்களில் அதிகத் தவறு நடக்கிறது. உடலுக்குச் செங்குத்தாகக் கைகளைச் சிலுவைபோல் விரித்து, ராடைக் கழுத்தெலும்புப் பக்கம் இறக்குகிறார்கள். அந்த நிலையில் மேற்கை எலும்பின் தலைக்கும் அதற்கு மேலிருக்கும் எலும்புக் கூரைக்கும் நடுவே ஓடும் நாண்கள் நசுங்க இடம் உண்டாகிறது. இதற்கு அஞ்சி முழங்கையை விலாவோடு ஒட்டினால் வேறொரு சங்கடம். ராடு வயிற்றுப் பக்கம் போய்விடுகிறது. கடப்பாரையால் கல்லைப் புரட்டியவருக்குத் தெரியும், பிடிக்கும் இடம் கல்லிலிருந்து தள்ளிப்போகப்போக அதே பலத்துக்கு வேலை அதிகம் நடக்கும். இங்கே ராடுதான் கடப்பாரையைப் பிடித்த கை, தோள் மூட்டுதான் புரட்டப்படும் கல். ராடு தோளிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறதோ அந்த அளவுக்குத் தோளின்மேல் திருப்பு விசை கூடும். 60 கிலோ ராடில் ஒரு தோளுக்கு 30 கிலோ. அது 10 செ.மீ. தள்ளி இருப்பதற்கும் 20 செ.மீ. தள்ளி இருப்பதற்கும் திருப்பு விசையில் இரு மடங்கு வித்தியாசம். ஆகவே நடுவழிதான் உகந்தது. மேலிருந்து பார்த்தால் மேற்கைக்கும் உடலுக்கும் இடையே 45 முதல் 70 பாகை வரை கோணம், ராடு வந்து தொடும் இடம் மார்பெலும்பின் கீழ்ப்பகுதி, அப்போது முன்கை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தூக்குக்குண்டு விட்டதுபோல் நேர்நிற்பு. உடுமலையை அடுத்த தளிப் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் உரிப்பவரைப் பாருங்கள். பாரையின் முனையில் காயை அழுத்தும்போது முழங்கை சிலுவைபோல் விரிவதில்லை. உடலுக்கு அருகே அணைந்து நின்று, உடலின் பாரத்தையே காயின்மேல் இறக்குகிறது. நாளெல்லாம் காய் உரிக்கும் தோள் தாக்குப்பிடிப்பதில் அந்த அணைப்புக்கும் பங்கு உண்டு.

இதே இடத்தில் கொஞ்சம் பழைய கதையும் உதவும். கோவை ராமநாதபுரத்தில் 1915-ல் பிறந்த எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் படத் தயாரிப்பாளராக நாடறியப்படுவதற்கு முன்பே உடற்பயிற்சியால் பெயர் வாங்கியவர். அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட ‘சாண்டோ’, பிரஷ்யாவில் பிறந்து உலகம் சுற்றிய பலவான் யூஜின் சாண்டோவிடமிருந்து வந்தது. 1904, 1905-ல் சாண்டோ இந்தியாவுக்கு வந்து காட்சி நடத்திப் போன பிறகு, நம் ஊர்களின் தேகப்பயிற்சிசாலைகளில் அந்தப் பெயர் பட்டமாகவே ஆகிவிட்டது. சாண்டோ காலத்தில் இன்றைய பெஞ்ச் இல்லை. பலவான்கள் தரையில் படுத்துத்தான் தூக்கினார்கள். எஸ்தோனியாவில் பிறந்த மல்லர் ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்படித் தூக்கிய 164 கிலோ வெகுகாலம் பேசப்பட்டது. தரையில் படுத்தால் முழங்கை தரையைத் தொட்டதும் ராடு நின்றுவிடும். தோள் அதற்குமேல் பின்னால் போக வழியில்லை. பெஞ்ச் வந்த பிறகுதான் முழங்கை உடலின் மட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கியது. அந்தக் கடைசிப் பகுதி சாதாரணமானதல்ல. மார்புத் தசை கிழிந்தவர்களை ஆராய்ந்த வுல்ஃப் என்பவரும் குழுவினரும் 1992-ல் ஒன்றைக் காட்டினார்கள். கை பின்னோக்கிப் போகும் கடைசி 30 பாகையில் மார்புத் தசையின் கீழ்ப்பகுதி நார்கள் மற்ற நார்களைவிட மிக அதிகமாக நீட்டப்படுகின்றன. மார்புத் தசை கிழிந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலோர் பெஞ்ச் பிரஸ்ஸையே சொல்வார்கள். அதுவும் தள்ளும்போது அல்ல, இறக்கும்போது. நெஞ்சை உயர்த்தி வைத்தால் ராடு அந்தக் கடைசிப் பாகைகளுக்குள் அவ்வளவு ஆழமாகப் போகாது. சற்றுமுன் ஏமாற்று என்று சொல்லப்பட்ட வளைவுக்கு இது இன்னொரு நியாயம். தோளில் வலி ஆறிவரும் ஒருவர் சில வாரங்கள் தரையில் படுத்துத் தள்ளுவது பின்னடைவு ஆகாது. பழைய சாண்டோக்களின் வழி அது.

இறக்கும் வேகமும் மேலே போகும் பாதையும் பாக்கி. 1984-ல் மேட்சன், மெக்லாஃப்லின் என்ற இருவர் தேர்ந்தவர்களையும் புதியவர்களையும் படமெடுத்து ஒப்பிட்டார்கள். தேர்ந்தவர்கள் ராடைத் தடதடவென்று விழவிடாமல் கட்டுப்படுத்தி இறக்கினார்கள். மேலே தள்ளும்போது அவர்களுடைய ராடு தோளுக்கு அருகிலேயே பயணித்தது. ராடு நேர்கோட்டில் ஏறி இறங்க வேண்டும் என்று ஜிம்களில் சொல்லித்தருவது அதனால் பொருந்தாது. கீழே அது மார்பெலும்பின் அடியைத் தொடுகிறது. மேலே கை நீண்டு நிற்கும்போது தோள் மூட்டுக்கு நேர்மேலே இருக்க வேண்டும், அங்கேதான் எலும்பே பாரத்தைத் தாங்கும், தசை இளைப்பாறும். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே பாதை தலைப்பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும். நெஞ்சில் ராடை மோதித் துள்ளவைப்பவர்கள் இந்தப் பாதையையே இழந்துவிடுகிறார்கள். துள்ளல் எந்தப் பக்கம் தூக்கிப்போடும் என்பது அவர்கள் கையில் இல்லை. ராடை இறக்கும்முன் மூச்சை வயிறு நிறைய இழுத்து, தள்ளி முடிக்கும் இடத்தில் விட வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிப் பெரிய எடை தள்ளக் கூடாது. மருத்துவரிடம் கேட்டுவிட்டு, எளிய எடையில், தள்ளும்போதே மூச்சை விட்டுச் செய்வதே அவர்களுக்குத் தக்கது.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் கேட்பார்: எங்கள் ஜிம்மில் ஒரு அண்ணன் கையைச் சிலுவைபோல் விரித்துத்தான் போடுகிறார், இடுப்பையும் எம்புகிறார், 120 கிலோ தூக்குகிறார், உடம்பும் பாறைபோல் இருக்கிறது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே? கேள்வி நியாயமானது. தோளின் எலும்புக் கூரை ஆளுக்கு ஆள் வடிவம் மாறும். சிலருக்கு அதன் அடியில் தாராளமாக இடம் இருக்கும். பல ஆண்டுகள் மெல்ல மெல்ல ஏற்றி வந்தவருடைய நாண்கள் அந்த நிலைக்கே பழகியும் இருக்கலாம். தோள் விட்டுப்போனவர்கள் ஜிம்மைவிட்டே போய்விடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கண்ணெதிரே நிற்பவர் தப்பித்தவர், அவரை மட்டும் பார்த்து எடைபோட முடியாது. நான் பெரிய எடையே தூக்குவதில்லை, உடம்பு சரியாக இருந்தால் போதும் என்பவர் முறையைக் கவனிக்கத் தேவையில்லை என்று நினைப்பதும் சரியில்லை. வாரம் இரண்டு நாள், நாளுக்கு நாற்பது ரெப் என்று வைத்தாலும் ஆண்டுக்கு நான்காயிரம் முறைக்கு மேல் அந்த மூட்டு அதே தடத்தில் உரசுகிறது. இன்னொரு பக்கம், முறை சரியாக இருந்தால் எவ்வளவும் தூக்கலாம் என்றும் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வாரத்துக்கு 10 கிலோ ஏற்றுபவரை எந்த முறையும் காப்பாற்றாது. நெஞ்சுக்குத் தள்ளும் அளவுக்காவது முதுகுக்கு இழுக்கும் பயிற்சியும் வேண்டும், இல்லையென்றால் பட்டைகளைப் பின்னிழுத்து வைக்கும் தசைகளுக்கே பலம் இருக்காது. உடுமலைப் பக்கத்தில் மில்லிலும் மண்டியிலும் மூட்டை தூக்குகிற ஆட்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லையே என்ற வாதமும் இங்கே நிற்காது. அவர்கள் தூக்கும்போது கால் நகரும், இடுப்பு திரும்பும், தோள் வழுக்கும். உடல் தன்னைத்தானே திருத்திக்கொள்ள ஆயிரம் வழி உண்டு. அந்த வழிகளில் பாதியைப் பெஞ்ச் பறித்துக்கொள்கிறது. சொல்லித்தர வேண்டிய அவசியம் அங்கிருந்துதான் வருகிறது.

முதல் இரண்டு வாரம் பிளேட் இல்லாத ராடு போதும். அதுவே 20 கிலோ. அந்த நாட்களில் மாஸ்டர் எண்ணிக்கை சொல்லிக்கொண்டு நிற்பதைவிட, பக்கவாட்டில் நின்று முன்கை சாய்கிறதா என்று பார்ப்பதும், தலைப்பக்கம் நின்று முழங்கையைப் பார்ப்பதும் பலனுள்ளவை. எடை கூடியபின் பின்னால் ஓர் ஆள் நிற்காமல் பெஞ்சில் படுக்கக் கூடாது. அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு 1990 முதல் 2007 வரை எடைப்பயிற்சிக் காயங்களோடு வந்தவர்களின் கணக்கு 9.7 லட்சம், அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எடை மேலே விழுந்ததால் வந்தவை. பிடிக்க நிற்பவரிடம் எத்தனை ரெப் போடப்போகிறோம், தொடச் சொன்னால் மட்டும் தொட வேண்டுமா என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ராடை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போது அவர் கைகொடுத்தால், நெருக்கி வைத்த பட்டைகள் குலையாமல் இருக்கும்; தனியே எட்டி எடுக்கும்போதுதான் பலருக்கு அவை விலகிப்போகின்றன. ரெப் முடிந்ததும் களைப்பில் ராடைச் சாய்வாகக் கொக்கியை நோக்கி எறிவது பலருடைய பழக்கம். கையை முழுதாக நீட்டி நிறுத்தி, அப்படியே தலைப்பக்கம் நகர்த்தி, இரும்புத் தூணில் ராடு மோதும் சத்தம் இருபுறமும் கேட்ட பிறகு கீழே இறக்கிக் கொக்கியில் வைக்க வேண்டும். பின்னால் நிற்பவர் அதுவரை கையை எடுக்கக் கூடாது.